றஊப் முதலாளி சுற்றிய சுற்று

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய ஐம்பத்தேழாம் ஆண்டில், விட்டுப்போகும் சாமான்களுக்கு ஒரு பட்டியல் தட்டச்சடித்தார்கள். நாற்பத்தொரு பக்கம். மடக்குக் கதிரை, இரும்புக் கட்டில், பித்தளை மணி என்று போன அந்தப் பட்டியலின் முப்பத்தாறாம் பக்கத்தில், தீயணைக்கும் வாளி அறுபதுக்கும் கிழிந்த கூடாரம் ஒன்பதுக்கும் நடுவில், ‘குதிரை, பெண், மண்ணிறம், ஒன்று’ என்று ஒரு வரி இருந்தது. வாளிகளுக்கு ஆள் வந்துவிட்டது. கூடாரங்களுக்கும் ஒருவர் கையெழுத்து வைத்துவிட்டார், கிழிசலையும் சேர்த்து. குதிரைக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

வராததற்குக் காரணம் இருந்தது. துரைமாரின் சவாரி லாயத்தில் நின்ற பதினொரு குதிரைகளில் பத்தை மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியது டச்சஸ். மூன்று வருடத்துக்கு முன்பு கொமாண்டர் ஒருவரின் மனைவி அதன் முதுகில் இருக்கும்போது, கீழே கயிறு பிடித்து நின்ற புது ஆள் பயந்துபோய்க் கயிற்றை வெடுக்கென்று இழுத்துவிட்டார். மூக்கில் வெடுக்கென்று இழுத்தால் டச்சஸுக்குப் பிடிக்காது. அம்மையார் வேலிக்கு மேலால் போய், உட்துறைமுகத்தில் மிதந்துகொண்டிருந்த தோணி ஒன்றில் உட்கார்ந்தார் என்றும், தோணிக்காரர் அவரைச் சூடை மீனோடு சேர்த்துக் கரைக்குக் கொண்டுவந்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்ன கதை. தோணி மிதக்கவில்லை, கரையில் இழுத்துவிட்டிருந்தது.

“சனிக்கிழமைக்குள்ள ஒருத்தரும் கையெழுத்து வைக்காட்டி, காலமை ஒன்பது மணிக்கு மிருக டாக்குத்தர் துவக்கோட வருவாராம்” என்றார் கிளாக்கர் அருளம்பலம். பட்டியலைத் தட்டச்சடித்தவர் அவர்தான். “நெத்தியில ஒரு வெடி. நோகாதாம். ஸ்டோர் துரை சொல்லேக்க தொப்பியைக் கழட்டிப்போட்டுத்தான் சொன்னவர்.”

குதிரைக்காரர் கிறிஸ்தோபர், டச்சஸின் பின்னங்குளம்பைத் தன் தொடையில் தூக்கி வைத்து மண் சுரண்டிக்கொண்டிருந்தார். “சரி” என்றார்.

“என்ன சரி? இருபத்திரண்டு வருசமாய்க் குதிரையோட நிண்ட மனிசன். சரியாம்.”

“சரி அண்ணை.”

மற்றக் குளம்பை எடுத்தார்.

இந்தச் ‘சரி’ பங்குனி மாதத்தில் தொடங்கியது. பங்குனியில் அவருடைய மனைவி ஞானமலர் காய்ச்சலில் படுத்தாள். ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. டாக்குத்தர் வந்து சொன்னபோது கிறிஸ்தோபர் சரி என்றார். சுவாமியார் பூசைக்கு நேரம் சொன்னபோது சரி என்றார். பெட்டி அடிக்கிற ஆசாரி, “முதிரையோ பலாவோ?” என்று கேட்டதற்கும் சரி என்றார். ஆசாரி பாதி முதிரையிலும் பாதி பலாவிலும் அடித்தார். அன்று தொடங்கி ஏழு மாதமாக அவர் அழவில்லை, கோபப்படவில்லை, தேவையில்லாமல் வாய் திறக்கவும் இல்லை. சப்பணமிட்டு நெடுநேரம் இருந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி ஒரு மரப்பு. கால் என்றால் உதறலாம். இது எங்கே மரத்திருக்கிறது என்று தெரிந்தால்தானே உதறுவதற்கு.

அவருடைய தமக்கை திரேசம்மா கப்பல்துறையிலிருந்து பாலையூற்றுக்கு வந்து அவருக்குச் சமைத்துப்போட்டார். தம்பியிடமிருந்து ஒரு சொல்லையாவது பிடுங்கவேண்டும் என்று ஒருநாள் மீன்குழம்பில் மூன்று மடங்கு உப்பைப் போட்டு வைத்தார். கிறிஸ்தோபர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

“எப்பிடியடா குழம்பு?”

“சரி அக்கா.”

மிச்சக் குழம்பைத் திரேசம்மா வேலிக்கரையில் ஊற்றினார். அந்த இடத்தில் ஒரு வருடம் புல் முளைக்கவில்லை என்பார்கள். முளைத்ததுதான், ஆனால் அரைமனதாக.

ஆனாலும் சனிக்கிழமை என்ற அந்த ஒன்று அவருக்குள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது. காலையில் லாயத்துக் கதவைத் திறந்ததும் டச்சஸ் தன் மூக்கைக் கொண்டுவந்து அவர் தோளில் வைக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த மூக்கு இராது. எல்லாவற்றுக்கும் சரி சொன்ன மனிதருக்கு இதற்கு மட்டும் சரி சொல்ல மனம் வரவில்லை. வாயில் வந்ததென்னவோ அதே சொல்தான்.

நாளாந்தம் பத்தரை மணிக்கு அவர் குதிரையை வட்டம் விடுவார். வட்டம் விடுவது என்றால் சும்மா கயிற்றில் கட்டிச் சுற்றுவதல்ல. இரும்பு வளையம் வைத்த மூக்குப்பட்டி ஒன்று முகத்தில் போடவேண்டும். இருபத்தைந்து அடி நீளமான கயிற்றை அந்த வளையத்தில் கொளுவவேண்டும். கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது. மடித்து மடித்துப் பிடிக்கவேண்டும். சுற்றிப் பிடித்த ஒருவருக்குக் குதிரை ஓடியபோது நான்கு விரல் மிஞ்சியது. வயிற்றைச் சுற்றி ஒரு பட்டி; அந்தப் பட்டியிலிருந்து கடிவாளத்துக்கு இரண்டு பக்கமும் வார். பக்கவாரை இறுக்கிக் கட்டினால் குதிரை கழுத்தை வளைத்துக்கொண்டு படத்தில் கீறியதுபோல அழகாய்ப் போகும். உள்ளுக்குள் மூச்சுவிட மறந்திருக்கும். கிறிஸ்தோபர் இறுக்கமாட்டார். துரைமார் கொடுத்த வார் விறைப்பாய் இருந்ததால், நடுவே சைக்கிள் டியூப்பை வெட்டி ஒரு சாண் துண்டு வைத்துத் தைத்திருந்தார். குதிரை இழுத்தால் அது கொஞ்சம் கொடுக்கும், விட்டால் வாங்கிக்கொள்ளும். மற்றக் கையில் நீளச் சாட்டை. அது அடிப்பதற்கில்லை. பின்னங்காலுக்குப் பின்னால் நீட்டிப் பிடித்தால் குதிரைக்கு அது ஒரு சாத்திய கதவு. நிலத்தில் சாய்த்தால் கதவு திறந்தாயிற்று, நிற்கலாம். இடப்பக்கம் எத்தனை சுற்றோ வலப்பக்கமும் அத்தனை சுற்று.

முன்பெல்லாம் இதோடு பேச்சும் இருந்தது. குதிரையோடு அவர் ஓயாமல் கதைப்பார். பங்குனிக்குப் பிறகு கதை இல்லை. கயிறும் சாட்டையும் மட்டும். பன்னிரண்டு மணிக்கு டொக்யாட் சங்கு, கப்பல் கட்டும் மேடைக்கு மேலே இருந்த அந்த ஆவிக் குழல், ஊர் முழுக்கக் கேட்க ஊதும். அவர் சாட்டையைச் சாய்ப்பார். டச்சஸ் நாலு காலும் நேராய் நிற்கும். தான் சாய்த்ததால் நின்றது என்று கிறிஸ்தோபர் நினைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அருளம்பலம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் கிண்ணியா றஊப் முதலாளி: நெல் ஆலைக்காரர், பருத்த மனிதர், வெள்ளைச் சாரம், கையில் குடை. பாதையில், அதாவது கிண்ணியாவுக்கும் இக்கரைக்கும் இடையில் ஆளையும் வண்டியையும் ஏற்றும் அந்த மிதவையில், அவர் ஏறினால் மற்றப் பக்கத்துக்கு இரண்டு பேரை நகரச் சொல்வார்கள்.

“எங்கட மகள் ஸுல்பிகாட கலியாணம்” என்றார் முதலாளி. “மூதூரில என்ட மச்சினன் மாப்பிளைய மோட்டார்க் காரில ஊர்வலம் கொண்டுவந்தான். மணலில புதைஞ்சு, மாப்பிள இறங்கித் தள்ளின. நான் குதிரையில கொண்டுவரப் போறன். குதிரை புதையாதுதானே?”

“புதையாது” என்றார் அருளம்பலம், கிறிஸ்தோபருக்காக.

“பொறகு எங்கட வயல் கொட்டிலில நிண்டு புல்லுத் திண்டுக்கிட்டுக் கிடக்கட்டும். ஆனா ரபானும் சத்தமுமாப் போற ஊர்வலம். சொன்ன இடத்தில நிக்கோணும். வாசலில நிக்காம மாப்பிளையத் தூக்கிக்கிட்டுக் கந்தளாய்க்குப் போயிட்டா என்ட மானம் போயிரும்.”

அவர் சொல்லி வாய் மூட, சங்கு ஊதியது. கிறிஸ்தோபர் சாட்டையைச் சாய்த்தார். டச்சஸ் நின்றது. ஒரு காது கூட ஆடவில்லை.

முதலாளி குடையை மடக்கினார். “அட! ஒரு சொல்லும் சொல்லல்ல. கண்ணாலயே நிப்பாட்டுறீங்களே, கிறிஸ்தோபர்!”

கிறிஸ்தோபர் கயிற்றை மடித்து எடுத்தார்.

“வியாழக்கிழமை வாறன். நான் ஏறாத குதிரையில மருமகன ஏத்தமாட்டன். நான் ஏறி, அது நடந்து, இப்ப நிண்ட மாதிரி நிண்டா, இறங்கின கையோட கையெழுத்து.”

“எத்தினை மணிக்கு?” என்றார் கிறிஸ்தோபர்.

அருளம்பலம் திரும்பிப் பார்த்தார். ஏழு மாதத்தில் அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி அது.

செவ்வாயும் புதனும் வேலை நடந்தது. முதலாளியின் பாரத்துக்கு ஈடாக இரண்டு மூட்டை மணலை டச்சஸின் முதுகில் கட்டினார். போதாது என்று அருளம்பலம் சொன்னதால் மூன்றாவதையும் வைத்தார். பக்கவாரை இரண்டு ஓட்டை இளக்கிவிட்டார். முதுகில் பாரம் உள்ள குதிரைக்குக் கழுத்தை நீட்ட இடம் வேண்டும். ரபான் மேளத்துக்குப் பதிலாக மண்ணெண்ணெய்த் தகரத்தோடு திரேசம்மா வளையத்துக்கு நடுவில், தம்பிக்குப் பக்கத்தில் நின்றார்.

“அடியுங்கோ அக்கா.”

“என்ன தாளத்தில?”

“சரி.”

திரேசம்மா சிலுவைப்பாதைத் தாளத்தில் அடித்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான். டச்சஸ் முதல்நாள் தகரத்தை முறைத்தது, இரண்டாம் நாள் அதன் தாளத்துக்கே நடந்தது. கோட்டைப் பக்கத்து மான்கள் நான்கைந்து வந்து கயிற்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தன. சிலுவைப்பாதை நீளமானதால் பாதியில் திரும்பிப் போய்விட்டன. இரண்டு நாளும் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. இரண்டு நாளும் குதிரை நின்றது.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு முதலாளி வந்தார். கூடவே அவருடைய மனைவி றுக்கியா, ஒரு கூசா நிறையச் சர்பத்தோடும் ஒரு கிளாசோடும். ஸ்டோர் துரையும் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து மரநிழலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். அந்தக் கதிரையும் பட்டியலில் இருந்தது.

முதலாளியை ஏற்றுவதற்கு ஒரு மேசை, அதற்குமேல் ஒரு பெட்டி, அருளம்பலத்தின் தோள் ஆகியவை தேவைப்பட்டன. ஏறியதும் டச்சஸ் ஒரு முறை திரும்பி முதலாளியின் காலை மணந்து பார்த்தது. மணல் மூட்டையிலும் பார்க்க அதற்கு அவரைப் பிடித்திருக்கவேண்டும். கிறிஸ்தோபர் நடுவில் நின்று கயிற்றை நீட்டிச் சாட்டையைப் பிடித்தார். குதிரை நடந்தது. திரேசம்மா சிலுவைப்பாதை அடித்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் முதலாளி. “கட்டிலில இருக்கிற மாதிரியெல்லோ இருக்கு. றுக்கியா, பாருங்க!”

“பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறன். குடையக் கீழ போடுங்க.”

இருபது நிமிடம் போனது. முப்பது நிமிடம் போனது. நிழல் காலடிக்குள் வந்தது. “சரி, இப்ப நிப்பாட்டுங்க” என்றார் முதலாளி.

கிறிஸ்தோபர் சாட்டையைச் சாய்த்தார். டச்சஸ் நடந்தது.

சாட்டையை நிலத்தில் வைத்தார். டச்சஸ் நடந்தது.

“அண்ணை” என்றார் கிறிஸ்தோபர், “நேரம் என்ன?”

“பன்னிரண்டு அஞ்சு.”

“சங்கு ஊதேல்லையே.”

“சங்கு எங்க ஊதுறது? சங்கு ஊதுற ஆளும் நேற்றுப் பின்னேரக் கப்பலிலதானே போனவன். கொதிகலனும் அணைச்சாச்சு.” அருளம்பலம் சொல்லிக்கொண்டே குதிரையைப் பார்த்தார். பிறகு கிறிஸ்தோபரைப் பார்த்தார். “ஐயோ, கிறிஸ்தோபர்! இவ்வளவு நாளும் உது சங்குக்கோ நிண்டது?”

அப்போதுதான் கிறிஸ்தோபருக்குப் பிடிபட்டது. ஏழு மாதமாக அவர் குதிரையிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாத மனிதரிடமிருந்து குதிரை எதைப் படிக்கும்? ஒவ்வொரு நாளும் சங்கு ஊதிய பிறகுதான் சாட்டை சாய்ந்திருக்கிறது. மூக்குப்பட்டியும் பக்கவாரும் சாட்டையும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. டச்சஸைப் பழக்கியது கப்பல் கட்டும் மேடைக் குழல்.

கயிற்றை இழுத்து நிறுத்தலாம். கொமாண்டரின் மனைவியையும் அப்படித்தான் நிறுத்தப் பார்த்தார்கள். முதலாளி தோணியில் போய் விழுந்தால் தோணிக்கும் கூடாது. விழுந்த மனிதர் கையெழுத்து வைக்கவும் மாட்டார். சனிக்கிழமை ஒன்பது மணி இருக்கிறது. கிறிஸ்தோபர் கயிற்றை இளக்கமாகவே வைத்துக்கொண்டு, தானும் நின்ற இடத்தில் மெல்ல மெல்லச் சுழன்றார்.

அருளம்பலம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குதிரைக்கு முன்னால் போய் நின்றார். டச்சஸ் மரியாதையாக அவரைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு கட்டுப் புல்லைக் காட்டினார்கள். பார்த்துவிட்டுப் போனது. “வோ!” என்றார் கிறிஸ்தோபர். பழைய துரைமாரின் சொல். குதிரைக்கு அது மறந்து எத்தனையோ காலம்.

“என்ன நடக்குது அங்க?” என்றார் முதலாளி, மற்றப் பக்கத்திலிருந்து.

“சங்கு ஊதோணும்” என்றார் அருளம்பலம்.

“என்ன?”

முதலாளி அதற்குள் போய்விட்டார். அடுத்த சுற்றில் வந்தபோது பதில் சொன்னார்கள். அதற்கு அவர் கேட்ட கேள்விக்கு அதற்கடுத்த சுற்றில் பதில் சொன்னார்கள். ஒரு சின்ன விளக்கம் கொடுக்க ஏழு சுற்று எடுத்தது.

வெயில் ஏறியது. றுக்கியா வளையத்தின் ஓரத்தில் கிளாசோடு நின்றார். முதலாளி கடந்துபோகும்போது ஒரு மிடறு. பிறகு அடுத்த சுற்றில் ஒரு மிடறு. பதினொரு சுற்றுக்கு ஒரு கிளாஸ் முடிந்தது. கூசா முடிந்தபோது எத்தனை சுற்று என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். மொத்தம் இருநூற்றுப் பதினேழு என்று கிண்ணியாவில் பிற்பாடு சொன்னார்கள். அவ்வளவு இராது. இருநூற்றுப் பத்துக்கு மேல் போயிருக்காது. மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் விழுந்ததால், போகப் போக முதலாளியின் உயரம் குறைந்துகொண்டே வந்தது. கிளாசை நீட்டுவதற்கு றுக்கியா முதலில் எட்டவேண்டியிருந்தது, கடைசியில் குனியவேண்டியிருந்தது.

“கிறிஸ்தோபர்” என்றார் முதலாளி. குரலில் இப்போது கட்டில் சுகம் இல்லை. “லுஹருக்கு பாங்கும் சொல்லியாச்சு. நான் தொழப் போகோணும். இதுட அச்சை எங்கயாவது கழட்ட ஏலாதா?”

“சங்குக்கு முன்னம் உது எதுக்கு நிண்டதெண்டு யோசி, தம்பி” என்றார் திரேசம்மா. தகரத்தை அடித்துக்கொண்டேதான் சொன்னார்.

யோசிக்கத் தேவை இருக்கவில்லை. அவருக்குத் தெரியும். வோ என்று சொன்னபோதே தெரியும்.

சங்குக்கு முன்னம் ஞானமலர். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்க, சாப்பாட்டுக் கரியரோடு வேலிக் கடவையில் வந்து நிற்பாள். அவர் குதிரையோடு கதைத்தபடி வட்டம் விட்டுக்கொண்டிருப்பார், திரும்பிப் பார்க்கமாட்டார். அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “போதும், வாங்கோ” என்பாள். சொன்னது புருஷனுக்குத்தான். ஆனால் முதலில் நிற்பது டச்சஸ். சேலைத் தலைப்பில் ஒரு பனங்கட்டித் துண்டு முடிந்திருக்கும், அது குதிரைக்கு. பதினாறு வருடம் இந்த வேலை நடந்தது. அதில் டச்சஸ் பார்த்தது ஒன்பது வருடம்.

அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அது அவருக்குச் சொல்லப்பட்ட சொல். இப்போது அதை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். நோகவில்லை. இனிக்கவும் இல்லை. தட்டச்சுப் பட்டியலில் உள்ள ஒரு வரியைப்போல இருந்தது.

“போதும். வாங்கோ” என்றார்.

டச்சஸின் இடக்காது அவர் பக்கம் திரும்பியது. கால்கள் நடந்தன.

“கேட்டது!” என்றார் அருளம்பலம். “காதில விழுந்தது. இன்னொருக்கால் சொல்லு ஐசே!”

“போதும், வாங்கோ.”

காது மறுபடி திரும்பியது. அந்தச் சொல்தான், ஆனால் ஆள் பிழை என்று அது நினைத்ததுபோல் இருந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஓதத் தொடங்கியிருந்தார். துரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கிறிஸ்தோபர் அந்தத் தொப்பியைக் கண்டார்.

ஞானமலருக்கு மெல்லிய குரல்; கொஞ்சம் மூக்கால் வரும். கோயில் பாட்டுக்குழுவில் அவளைப் பின்வரிசையில்தான் விடுவார்கள். ‘போதும்’ என்பதை விழுத்தி, ‘வாங்கோ’வை ஏற்றி, கடைசி எழுத்தை வேலிக்கு இந்தப் பக்கம் வந்து சேரும்வரை இழுப்பாள். கிறிஸ்தோபர் கயிற்றைப் பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், ஐந்தடி பத்தங்குல உயரத்தில் நின்று, அந்தக் குரலில் கூப்பிட்டார்.

“போதும்… வாங்கோஓஓ.”

திரேசம்மாவின் கையிலிருந்த தகரம் விழுந்தது. அவர் வேலிக் கடவையைத்தான் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை.

டச்சஸ் நின்றது. நாலு காலும் நேராக. பிறகு தான் வெட்டிய வாய்க்காலிலிருந்து ஏறி, முதலாளியையும் சுமந்துகொண்டு, வளையத்தின் நடுவுக்கு வந்து, கிறிஸ்தோபரின் சட்டைப் பையையும் சாரத்து மடியையும் மூக்கால் தேடியது. இரண்டிலும் ஒன்றும் இல்லை. மூக்கை அவர் தோளில் வைத்துக்கொண்டு காத்து நின்றது.

“இவ்வளவுதானா சொல்லு?” என்றார் முதலாளி, மேலிருந்து. “அந்தா இந்தா எண்டு மனிசனச் சுத்த விட்டு… இத முதலே சொல்லியிருக்கலாமே, ஐசே!”

“முதலே வரேல்ல” என்றார் கிறிஸ்தோபர்.

முதலாளியை இறக்க மேசை தேவைப்படவில்லை. தானே வழுக்கி வந்தார். கால் இரண்டும் வளைந்த மாதிரியே நின்றன. அப்படியே நடந்துபோய்க் கையெழுத்து வைத்தார். ஒன்றரை மணிநேரம் ஏறியிருந்த குதிரையை விட்டுவிட்டுப் போனால் ஊரில் எதைக் காட்டுவது என்பது அவருடைய நியாயம். துரை முப்பத்தாறாம் பக்கத்து வரியைக் கோடு போட்டு வெட்டினார்.

“ஆனா ஒரு விசயம்” என்றார் றுக்கியா. “வாசலில மாப்பிள நிக்கக்குள்ள ஆரு இதச் சொல்ற? இவரு பொம்பிளக் கொரலில கூப்பிட்டா மாப்பிள வீட்டார் என்னத்த நினைப்பாங்க? எனக்குச் சொல்லித் தாங்க. நான் சொல்றன்.”

கிறிஸ்தோபர் பக்கவாரைக் கழற்றத் தொடங்கினார். றுக்கியா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு திரேசம்மாவின் முகத்தைப் பார்த்தார், எதையோ விளங்கிக்கொண்டவராகக் கிளாசைக் கவிழ்த்து வைத்தார். “அவசரமில்ல” என்றார். “கலியாணத்துக்கு ஒம்பது நாள் கிடக்கு.”

அந்த ஒன்பது நாளும் டச்சஸ் முதலாளியின் கொட்டிலில் நின்றது; கிறிஸ்தோபர் பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய்வந்தார். முதல் நாள் றுக்கியா ‘போதும்’ என்பதை ஏற்றிச் சொன்னார். “விழுத்துங்கோ” என்றார் கிறிஸ்தோபர். இரண்டாம் நாள் ‘வாங்கோ’ கிண்ணியா ‘வாங்க’வாய்ப் போனது. டச்சஸ் நிற்கவில்லை, நல்ல வேளையாக முதுகில் மணல் மூட்டைதான் இருந்தது. ஐந்தாம் நாள் நின்றது. ஆறாம் நாள் கிறிஸ்தோபர், “சேலைத் தலைப்பில ஒரு துண்டு பனங்கட்டி முடிஞ்சு வையுங்கோ” என்றார். அவ்வளவு நீளமான வசனம் அவரிடமிருந்து வந்ததை அருளம்பலத்துக்கு ஆட்கள் வந்து சொன்னபோது அவர் நம்பவில்லை.

கலியாணத்தன்று அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. ரபான் பன்னிரண்டு, கம்படி ஆட்டக்காரர் எட்டுப் பேர், அவர்களுக்குப் பின்னால் டச்சஸின்மேல் மாப்பிள்ளை. முதலாளி, தான் இருநூறு சுற்று வந்த முதுகு என்பதால், குதிரைக்குப் பக்கத்திலேயே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தார். முன்னால் கயிற்றை மடித்து மடித்துப் பிடித்தபடி கிறிஸ்தோபர். ரபான் சத்தத்தில் மரங்களிலிருந்த காகம் எல்லாம் மூதூருக்குப் போய்விட்டன. டச்சஸ் மட்டும் ஒரே நடை.

பெண் வீட்டு வாசல் வந்தது. உள்ளே பெண்கள் கூட்டம். அதற்குள்ளிருந்து முக்காடிட்ட றுக்கியா ஒரு அடி முன்னுக்கு வந்து, விழுத்தி, ஏற்றி, இழுத்துச் சொன்னார்.

“போதும்… வாங்கோஓ.”

டச்சஸ் நின்றது.

கிறிஸ்தோபரும் நின்றார். கயிற்றை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற முதலாளியின் கையில் அது இருந்தது. கிறிஸ்தோபர் குரல் வந்த பக்கம் திரும்பி நாலு அடி நடந்து, வலது கையைக் கொஞ்சம் தாழ்த்தி நீட்டினார். கரியரின் பிடியை வாங்குகிற கை.

றுக்கியா அந்தக் கையைப் பார்த்தார். பனங்கட்டித் துண்டை அவிழ்த்து அதில் வைக்கப் போனார், வைக்கவில்லை. அதைக் குதிரையிடம் நீட்டிவிட்டு உள்ளே திரும்பி, “புள்ள, இவருக்கு முதல்ல சோறு வைங்க” என்றார்.

பந்தலில் பெரிய தட்டம் ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாய்ச் சாப்பிடுவது அங்கே வழக்கம், சஹன் என்பார்கள். ஐந்து கிண்ணியாக்காரரோடு ஆறாவதாகக் கிறிஸ்தோபரை இருத்தினார்கள். நெய்ச்சோறு, இறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல். அவர் தன் பக்கத்துச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய் வைத்தார். மூன்றாவதைக் கையில் எடுத்து நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன, கிறிஸ்தோபர்?” என்றார் பந்திக்கு நடுவே உலாவிக்கொண்டிருந்த முதலாளி. “சோறு நல்லமா?”

திரேசம்மா பெண்கள் பக்கத்துத் திரைக்கு அந்தப் புறம் இருந்தார். தம்பி என்ன சொல்லப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். ஏழு மாதமாகக் கேட்ட சொல்.

“உப்புக் கொஞ்சம் காணாது” என்றார் கிறிஸ்தோபர்.

முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது. திரைக்கு அந்தப் புறத்தில் ஒரு பெண் சத்தமாய்ச் சிரித்தார். சிரித்தவர் ஏன் கண்ணைத் துடைக்கிறார் என்று அங்கிருந்த பெண்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. யாரோ உப்புக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். கிறிஸ்தோபர் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் பக்கத்துச் சோற்றில் மட்டும் தூவிவிட்டு, சாப்பிடத் தொடங்கினார்.